ஒருவேளைப் போஜனம்

வேதபாடம்: ஆதியாகமம் 25:27-34, எபிரெயர் 12:16,17

ஈசாக்கின் மூத்த குமாரனாகிய ஏசா அன்று செய்த பாவம் எது? பசித்திருந்தது பாவமல்ல. வேட்டைக்குப் போனதும், களைத்துத் திரும்பியதும், உணவு கேட்டதும் பாவமல்ல. சரீரத்தையும் அதன் பசியையும் உண்டாக்கினவர் தேவனே. அப்படியிருக்க, எபிரெயர் நிருபம் அவனைச் சீர்கெட்டவன் என்று ஏன் அழைக்கிறது? அங்கே வருகிற கிரேக்கச் சொல், பரிசுத்தமானதைச் சாதாரணமானதாக எண்ணி நடத்துகிறவனைக் குறிக்கும். ஏசாவின் குற்றம் வயிற்றில் அல்ல, அவனுடைய மதிப்பீட்டில் இருந்தது.

சேஷ்டபுத்திரபாகம் என்பது, பிற்காலத்து நியாயப்பிரமாணத்தின்படி, தகப்பன் ஆஸ்தியில் இரட்டிப்பான பங்கு (உபா. 21:17). ஆனால் ஈசாக்கின் வீட்டில் அதற்கு மேலான ஒன்றும் இருந்தது. பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வாதம் பெறும்படி ஆபிரகாமுக்கு அருளப்பட்ட வாக்குத்தத்தம் அந்தக் கூடாரத்தில்தான் தங்கியிருந்தது (ஆதி. 12:3). ஏசா இதை அறியாதவன் என்று சொல்ல இடமில்லை. ஆபிரகாமுக்கு 100 வயதானபோது ஈசாக்கு பிறந்தான். ஈசாக்குக்கு 60 வயதானபோது இரட்டையர் பிறந்தனர். ஆபிரகாமோ 175 வயதுவரை ஜீவித்தான். கணக்கிட்டால், பேரப்பிள்ளைகளின் 15-ஆம் வயதுவரை பாட்டனார் உயிரோடிருந்தார். விசுவாசத்தின் தகப்பனை இத்தனை அருகில் கண்டும், அவனுடைய தேவனிடத்தில் வாஞ்சையற்று வளர ஒருவனால் கூடும்.

அந்த நாளின் நிகழ்ச்சியை மூல எபிரெயத்தில் வாசித்தால் இன்னும் துக்கமாயிருக்கும். தமிழ் வேதாகமத்தில் ஏசா கூழைக் கேட்கிறான்; மூலத்திலோ உணவின் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை. சிவப்பான அது, சிவப்பான அது என்று இருமுறை சொல்லி, விழுங்கக் கேட்கிறான். கண்ட நிறத்துக்கு மேல் அவன் சிந்தை போகவில்லை. சாகப்போகிறவனுக்குச் சேஷ்டபுத்திரபாகம் எதற்கு என்றும் வாதிடுகிறான். ஆபிரகாமின் ஆஸ்தி யாவையும் சுதந்தரித்த தகப்பனின் வீட்டில், ஒருவேளை உணவு தாமதித்தால் மரித்துவிடுவானா? இச்சை எப்பொழுதும் தன்னை அவசரத் தேவையாகவே காட்டும். பின்பு ஐந்து வினைச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: புசித்தான், குடித்தான், எழுந்தான், போனான், அலட்சியம்பண்ணினான். நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை.

யாக்கோபை இங்கே நல்லவனாகக் காட்ட வேண்டியதில்லை. சகோதரன் பசித்திருக்கும்போது பேரம் பேசுகிறவன் நல்ல சகோதரனல்ல. 20 வருஷம் லாபானிடத்தில் உழைத்து, தானும் வஞ்சிக்கப்பட்டு, அவன் அதன் கசப்பை ருசிபார்த்தான். ஆயினும் மேலானது எது என்பதை அவன் அறிந்திருந்தான். அதைத் தேடின வழிதான் தவறு.

வனாந்தரத்தில் நம் ஆண்டவரோ 40 நாள் உபவாசத்துக்குப்பின் பசியாயிருந்தார். கல்லை அப்பமாக்க அவருக்கு வல்லமை இருந்தும், பிதாவின் வார்த்தைக்குக் காத்திருந்தார். பசி அவரைவிட்டு உடனே நீங்கவில்லை. சோதனைக்காரன் விலகினபின்பே தூதர்கள் வந்து பணிவிடை செய்தார்கள் (மத். 4:2-11).

இன்று விசுவாசிக்கு முன்பாக வைக்கப்படுவது கூழ்ப்பாத்திரமாக இராது. ஜெபவேளையை விழுங்கும் தொலைக்காட்சியாக, ஆராதனையையும் ஐக்கியத்தையும் கைவிடச்செய்யும் கூடுதல் சம்பளமாக, அவிசுவாசியோடு பிணைக்கும் திருமணமாக அது வரலாம். ஊழியத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்த வாலிபன், முதலில் வீடு, பிறகு வாகனம், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதும் இந்த வியாபாரமே. வீடும் சம்பளமும் தம்மில் தீமையானவை அல்ல, கூழும் தீமையானதல்லவே. எதைக் கொடுத்து அதை வாங்குகிறான் என்பதே கேள்வி.

ஏசா வறியவனாய் மடியவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பிற்காலத்தில் 400 பேரோடு வந்து, தனக்குப் போதுமானது உண்டென்று யாக்கோபிடம் சொன்னான் (ஆதி. 33:1,9). இஸ்ரவேலுக்கு ராஜா ஏற்படுமுன்னே ஏதோமில் ராஜாக்கள் ஆண்டார்கள். ஆனால் மந்தைகள் பெருகி, சகோதரர் இருவரையும் தேசம் தாங்கக் கூடாமற்போனபோது, புறப்பட்டுப்போனவன் அவனே. மனைவிகளையும் பிள்ளைகளையும் மிருகஜீவன்களையும் கானானில் சம்பாதித்த யாவையும் சேர்த்துக்கொண்டு, வாக்குத்தத்த தேசத்தை விட்டு, சேயீர் மலையில் குடியேறினான் (ஆதி. 36:6-8).