எதிராளியின் பலமும் ஆட்டத்தின் போக்கும்

கேள்வி: எதிரே இருப்பவர் வல்லவரா, கற்றுக்குட்டியா என்று பார்த்துச் சதுரங்க உத்தியை மாற்றலாமா?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: எதிராளியைப் பற்றிய கணிப்பு முதலில் தொடுவது, டிராவை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவைத்தான். ஈலோ தரப்புள்ளி முறைப்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுக்க வேண்டும். டிரா தருவது அரைப் புள்ளி. வலியவருக்கு அது நட்டம், எளியவருக்கு லாபம். ஆகவே வலியவர் காய்களை வைத்துக்கொண்டு நிலையைச் சிக்கலாக்குவார். எளியவர் வெட்டிக் குறைக்கப் பார்ப்பார்.

2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி நல்ல சான்று. சென்னையின் குகேஷின் தரப்புள்ளி 2783. அவரை எதிர்த்து ஆடிய டிங் லிரேனுடையது 2728. 6-ஆவது ஆட்டத்தில் ஒரே நிலையை மீண்டும் வரவிட்டு டிரா செய்ய வழி இருந்தும் குகேஷ் மறுத்தார். ஆட்டம் டிராவிலேயே முடிந்தது. டிசம்பர் 12 அன்று, கடைசி ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், காய்களை வெட்டிக் குறைத்து டிராவை நாடினார். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷ் விடாமல் நெருக்கினார். 55-ஆவது நகர்வில் டிங் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எஞ்சிய பெருங்காய்கள் வெட்டுப்பட, குகேஷ் வென்றார்.

கணிப்பு தவறினால் ஆபத்தும் உண்டு. எதிராளி கவனிக்கமாட்டார் என்று நம்பி வைக்கும் பொறி, அவர் கவனித்துவிட்டால் வைத்தவரையே வீழ்த்தும். சம மதிப்புள்ள இரண்டு நகர்வுகளுக்கிடையே தேர்ந்தெடுக்கவே எதிராளியின் பலத்தைக் கணக்கில் கொள்ளலாம். மோசமான நகர்வுக்கு அது சாக்கு ஆகாது.