சத்தம் வந்தால் அப்சோபர்தானா?

பத்து காஜா வட்டாரத்தில் பழைய சாகா காரோ வீரா காரோ வைத்திருப்பவரைக் கேளுங்கள். "அடியில கடகடன்னு சத்தம், அப்சோபர் போயிருச்சு" என்பார். யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர். அடியில் குனிந்து பார்த்தாரா? இல்லை. இந்தப் பேச்சை நம்பி நான்கு அப்சோபரையும் மாற்றுகிறார்கள். பிறகு தஞ்சோங் துவாலாங் பக்கம் தோட்டத்துச் சாலையில் இறங்கினால் அதே கடகட! போதும், இதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: சத்தம் என்றால் அப்சோபர் கெட்டுவிட்டது.

உண்மை: ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதுதான் அப்சோபரின் வேலை. அது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் கெடும். எண்ணெய் கசியும், பள்ளத்தில் இறங்கிய கார் பலமுறை ஆடி நிற்கும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். இவை எதுவும் இல்லாமல் அப்சோபர்மீது பழி போடாதீர்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். செம்மண் சாலையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது 'டக் டக்' என்கிறது; இரு முன்சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறினால் அமைதி. அப்படியென்றால் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க்கையோ புஷ்ஷையோ பாருங்கள். இரு பக்கமும் சேர்ந்து ஏறும்போது கம்பி முறுக்கிக்கொள்வதில்லை, அதனால் சத்தமும் எழுவதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'டங்' என்றால் லோவர் ஆர்ம் புஷ்ஷைச் சோதியுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் அதிர்ந்தால் மேல் மவுண்டிங். முழுக்கத் திருப்பி வளையும்போது 'டக்டக்டக்' என்றால் பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட். அது சஸ்பென்ஷன் கோளாறே அல்ல.

நம்பிக்கை: புதுப் புஷ் சீக்கிரம் போனால் சாமான் போலி.

உண்மை: மாட்டிய விதமும் காரணமாகலாம். சக்கரம் தொங்கும்போதே லோவர் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து கிழியும். காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. பட்டறையில் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: கீச் சத்தத்துக்கு எஞ்சின் எண்ணெய் விட்டால் போதும்.

உண்மை: பால்மரம் சீவிய குடும்பங்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடும்.

நம்பிக்கை: டயரில் காற்றைக் குறைத்தால் சரியாகும்.

உண்மை: குலுக்கல் குறையும், தளர்ந்த பாகம் இறுகாது. டயர்தான் சூடேறும்.

நம்பிக்கை: பழைய கார் சத்தம் போடத்தான் செய்யும்.

உண்மை: இதுதான் ஆபத்தான பேச்சு. தேய்ந்த பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும் காரின் சக்கரம் மடங்கிவிடும். காரை உயர்த்தி, தாங்கி வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அங்கேயே சரிசெய்யுங்கள்.

லாரிக்கும் பேருந்துக்கும் மலேசியாவில் குறித்த காலத்தில் சோதனை உண்டு. சொந்தக் காருக்கோ பெரும்பாலும் உரிமையாளர் பெயர் மாற்றும்போதுதான் அந்தப் பேச்சே வருகிறது. முப்பது வயதான காரும் சோதனையே காணாமல் ஓடலாம். பத்து வயது தாண்டிய ஒவ்வொரு காருக்கும் ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாலை வரி புதுப்பிக்கும் மாதத்திலேயே காரைத் தூக்கி அடிப்பாகத்தையும் பார்த்துவிடுங்கள். அதில்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறீர்கள்?