விமானம் விழுந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும்?



2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். மறுநாளே நம்ம ஊர் டீக்கடையில் தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஒருத்தர் "பைலட் தப்பு" என்றார், இன்னொருத்தர் "இன்ஜின் தப்பு" என்றார். ஆனால் விபத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது ஒரு தனிப் படிப்பு என்பது உங்களுக்குத் தெரியுமா? அனுபவமுள்ள விமானியாக இருந்தாலும் இதற்கென்று பயிற்சி எடுக்கணும்.

நம் நாட்டில் இந்த வேலைக்காக 2012-ல் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் தொடங்கப்பட்டது. அங்குள்ள அதிகாரிகள் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. வெளியில் இருந்தும் விமானத்துறை ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏன் என்று புரிய, நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

2020 ஆகஸ்ட் 7. துபாயில் இருந்து 190 பேருடன் கோழிக்கோட்டுக்கு ஒரு விமானம் வந்தது. ராத்திரி நேரம், நல்ல மழை. அங்கே ஓடுபாதை மேஜை மாதிரி குன்றின் உச்சியில் இருக்கிறது. அதன் நீளம் 8,858 அடி. விமானம் தரையைத் தொட்டதோ 4,438-வது அடியில், அதாவது பாதி ஓடுபாதை வீணான பிறகு. நிற்க முடியாமல் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். அதில் விமானி இருந்தார், விமானப் பராமரிப்பு இன்ஜினியர் இருந்தார், ஒரு டாக்டரும் இருந்தார். டாக்டர் எதுக்கு என்று நானும் யோசித்தேன். கேப்டன் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை கொஞ்சம் குறைந்தால்கூட யோசனை மந்தமாகலாம் அல்லவா? அதைப் பார்க்க டாக்டர். கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக ஓடவில்லை. அதைப் பார்க்க இன்ஜினியர். துணை விமானி "மேலே போயிடலாம்" என்று சொல்லியும் விமானம் இறங்கியது ஏன்? அதைப் பார்க்க விமானி.

விதிப்படி இறங்காததுதான் காரணம் என்று அறிக்கை சொன்னது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கேப்டனுக்கு எப்படியாவது கோழிக்கோட்டில் இறங்கணும் என்ற நினைப்பு ஏன் வந்தது என்று கேட்டார்கள். மறுநாள் காலையில் அங்கிருந்து அவர் இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது. அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை! அதனால் இனி என்னென்ன மாற்ற வேண்டும் என்று 43 பரிந்துரைகள் செய்தார்கள்.

கணக்கில் தப்பு விட்டு சார் ஏன் என்று கேட்டால் "கவனக்குறைவு சார்" என்போம். அடுத்த பரீட்சையிலும் அதே தப்பு வரும். "பைலட் தப்பு" என்பதும் அதே மாதிரி பதில்தான்.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-லேயே இதற்கு ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. அதன் பெயர் 13-ஆம் இணைப்பு. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யாரையும் குற்றம் சாட்டுவது அல்ல என்கிறது அது. எனக்கு முதலில் இது அநியாயமாகப் பட்டது. இத்தனை பேர் செத்திருக்க, தப்பு செய்தவரை விடலாமா? வழக்கு, தண்டனை எல்லாம் தனி, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். விசாரணைக்கு வந்தவர் வேலை போகுமோ என்று பயந்தால் உண்மையை மறைத்துவிடுவார். உண்மை மறைந்தால் அடுத்த விமானமும் விழும்.

சரி, பயிற்சியில் என்ன சொல்லித்தருவார்கள்? எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுக்கணும். மழை வந்தால் அழியும் டயர் தடத்தை முதலில் அளக்கணும். கையுறை, முகமூடி இல்லாமல் உள்ளே போகக்கூடாது; ரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கும், எரிந்த பாகங்களின் தூசி நுரையீரலுக்குள் போகும். நேரில் பார்த்தவரிடம் "தீ எரிந்ததா?" என்று கேட்கக்கூடாது, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்கணும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பல்பு பாடம். எரிந்துகொண்டிருக்கும் பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும். மோதிய வேகத்தில் அது நீண்டுவிடும். எரியாத பல்பின் இழை அப்படி நீளாது. ஆக, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பதை உடைந்த பல்பே சொல்லும்! நம்ம பிசிக்ஸ் பாடம்தானே இது?

அமெரிக்காவில் 1996-ல் வெடித்து 230 பேர் இறந்த விமானத்தின் துண்டுகளைக் கடலில் இருந்து எடுத்து, 93 அடி நீளத்துக்கு ஒட்டவைத்தார்கள். அதை ஒரு பயிற்சி மையத்தில் வைத்து 2021 வரை பாடம் நடத்தினார்கள். வெடித்தது ஏவுகணையால் என்று பலர் பேசினார்கள். உண்மையில் வெடித்தது எரிபொருள் தொட்டி.

விமான கம்பெனி ஆட்களும், தயாரித்த கம்பெனி ஆட்களும் விசாரணையில் உதவ வருவார்கள். விவரம் அவர்களிடம்தானே இருக்கிறது! ஆனால் பத்திரிகைக்குப் பேசக்கூடாது, தங்கள் இஷ்டத்துக்கு ஒரு பாகத்தையும் எடுத்துப் போகக்கூடாது. தன் கம்பெனியின் தப்பைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டியும் வரலாம். பயிற்சியிலேயே இதுதான் கஷ்டமான பாடம் என்று நினைக்கிறேன்.

அகமதாபாத் விபத்தின் முதல்கட்ட அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்குப் போயின என்று அதில் இருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்றார் மற்றவர். யார் கேட்டது, யார் பதில் சொன்னது என்று அறிக்கையில் எழுதவில்லை. டீக்கடையில் மட்டும் பெயரோடு சொன்னார்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு