கானகம் காத்த ஓவியர்

பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் போந்தேன்புளோ என்னும் பெருங்காடு ஒன்று உண்டு. பல நூற்றாண்டு கண்ட ஓக் மரங்கள் அங்கே ஓங்கி நிற்கின்றன. அக்காட்டின் ஓரத்தில் உள்ள பார்பிசோன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் தியோடோர் ரூசோ என்னும் ஓவியர். அரசியல் அறிஞராகிய ரூசோ வேறு, இவர் வேறு. இவர் 1812-ஆம் ஆண்டில் பிறந்தார்.

அக்காலத்தில், புராணக் கதைகளையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் தீட்டுவதே உயர்ந்த கலை எனப் பலர் எண்ணினர். மரமும் பாறையும் அவற்றிற்குப் பின்னணியாக மட்டுமே அமைந்தன. ரூசோவோ காட்டையே தம் ஓவியத்தின் தலைமைப் பொருளாகக் கொண்டார். அதனால் பாரிஸில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அவர் படங்கள் பன்முறை ஏற்கப்படாது திரும்பின. எனினும் அவர் தளர்ந்தாரல்லர்.

‘குளிர்காலக் காட்டில் கதிரவன் மறைவு’ என்னும் ஓவியத்தை அவர் 1845-46-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொடங்கினார். இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலமுள்ள அப்படத்தில், இலையுதிர்ந்த கிளைகள் கருவலைபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றினூடே அந்திச் செவ்வொளி கனல்கின்றது. அடியில், விறகுச் சுமையால் முதுகு வளைந்த பெண்டிர் இருவர் நடக்கின்றனர். உற்று நோக்கினாலன்றி அவர்கள் நம் கண்ணுக்குப் புலப்படார். அம்மரங்களின் முன் மனிதன் எத்துணைச் சிறியவன்! இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு இதனைத் தீட்டிவந்த ரூசோ, தம் வாழ்நாளில் இதனை எவர்க்கும் விற்க இசையவில்லை. இன்று இது நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது.

அவர் தூரிகை பிடித்திருந்த அந்நாளிலேயே, அக்காட்டின் முதுமரங்கள் கோடரிக்கு இரையாகிவந்தன. நாள்தோறும் கண்டு பழகிய மரங்கள் வீழ்வதைக் கண்ட அவர் நெஞ்சம் பதைத்தது. 1852-ஆம் ஆண்டில், காட்டைக் காக்குமாறு அரசினர்க்கு விண்ணப்பம் செய்தார். அடுத்த ஆண்டிலேயே 624 ஹெக்டேர் நிலத்தில் மரம் வெட்டுவது தவிர்க்கப்பட்டது. 1861-ஆம் ஆண்டின் ஆணையால் அப்பரப்பு 1,097 ஹெக்டேராக விரிந்தது. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தோன்றியது இதற்குப் பதினோராண்டு கழித்தே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ரூசோ 1867-ஆம் ஆண்டில் பார்பிசோனிலேயே மறைந்தார். அவருடைய முகமும் அவர்தம் நண்பராகிய ஓவியர் மில்லேயின் முகமும் பொறித்த வெண்கலத் தகடு, 1884-ஆம் ஆண்டில் அக்காட்டுப் பாறை ஒன்றில் பதிக்கப்பெற்றது. ஒன்றனை ஊன்றி நோக்குபவன் அதன்பால் அன்பு கொள்கின்றான். அன்பு கொண்டவன் அதனைக் காக்க முற்படுகின்றான். ரூசோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.