கோடைமலைப் புறத்தெருக் கடைகளும் அவற்றின் உணவும்

பண்டைத் தமிழ்ப் புலவர் கண்ட இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பசியால் வாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியாகச் செல்க, இன்ன ஊரில் தங்குக, ஆங்கு இன்ன உணவு பெறுவாய் என்று வழிப்படுத்துவது அதன் இயல்பு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம் மலைநாட்டு வழிச்செலவையே விரித்துரைப்பது. அதனைப் பயிலும் மாணவர் பலரும் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது கொடையையே பெரிதாகப் பேசுவர். என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. நன்னனை அடையுமுன்னே கூத்தர்க்குச் சோறிடுவோர், பெயர் குறிக்கப்பெறாத மலைச்சிற்றூர் மக்கள். அவர் இட்ட தினையும் தேனும் மூங்கிலரிசியும் அவர்தம் மலையிலேயே பிறந்தவை.

நன்னனது நாடு செங்கத்தைச் சூழ்ந்தது. யான் எழுதப் புகுந்ததோ பழனிமலைத் தொடரைப் பற்றியது. எனினும் இம்மலையும் சங்கப் புலவர்க்கு அயலானதன்று. பழனியின் பழம்பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் இப்பகுதியை ஆண்ட ஆவியர் குடியினன். ஆதலின் பழைய ஆற்றுப்படையைக் கையில் வைத்துக்கொண்டு இற்றைக் கோடைக்கானலுக்குள் நுழைந்து, இங்குப் பசித்து வருவோனுக்கு இடப்படும் உணவில் இம்மலை விளைவித்தது எவ்வளவு என்று வினவுதல் பொருந்தாததன்று.

இவ்வினாவை ஏரிக்கரையில் வினவுதல் பயனற்றது. ஏரிக்கரை உணவு வரலாறு வேறு. 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் ஊழியர் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்ப இம்மலைமீது வீடு கட்டினர். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரையின் முயற்சியால் ஏரி அமைந்தது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகட்கெனப் பள்ளிக்கூடம் ஒன்று தோன்றியது. அதுவே இன்று கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அவ்வழி வந்தவை ரொட்டியும் கேக்கும் பழப்பாகும் பாலாடைக் கட்டியும். பின்னர்த் திபெத்தியர் சிலரும் இவ்வூரில் குடியேறினர். பி. டி. சாலையில் அவர்தம் மோமோவும் துக்பாவும் இன்று பெயர்பெற்றவை. இவற்றைக் குறைகூறுவேன் அல்லேன். ஆயினும் இவற்றைத் தேடுவோர்க்கு வழிகாட்டி வேண்டுவதில்லை, கைப்பேசியே காட்டிவிடும்.

சாலை அமையாத முற்காலத்தில் துரைமார் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து நாற்காலிகளில் ஆட்கள் சுமக்க மலையேறினர். சுமந்தோர்க்கும் பசி உண்டன்றோ? அவர்போன்றோர் பசிக்கென நடப்பவையே யான் கூறவந்த கடைகள். மூஞ்சிக்கல், நாயுடுபுரம், ஆனந்தகிரி, செண்பகனூர் எனக் கோடைக்கானலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் கூடுமிடமாகிய பெருமாள்மலையிலும், இன்னும் கீழே ஊத்து என்னும் இடத்திலும் அவற்றைக் காணலாம். நான்கு பெஞ்சும் ஓர் அடுப்பும் உடையவை. பலவற்றிற்குப் பெயர்ப்பலகை இல்லை, இருப்பினும் அதனைப் படிப்போர் இல்லை. காய்கறி மூட்டை தூக்குவோர், லாரி ஓட்டுநர், குதிரை நடத்துவோர், விடுதிகளில் பாத்திரம் துலக்குவோர், அதிகாலைப் பேருந்துக்கு நிற்கும் கிராமத்தார் ஆகியோரே அவற்றின் வாடிக்கையாளர். பயணிகளோ பெரும்பாலும் வண்டியின் கண்ணாடி வழியே இக்கடைகளைக் கண்டு கடந்து செல்வர்.

இக்கடைகளின் உணவை அறியவேண்டுமாயின் முதற்கண் மலையின் இயற்கையை அறிதல் வேண்டும். கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். கோடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆங்குக் காற்றின் அழுத்தம் குறைதலின் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தபின் எவ்வளவு விறகை எரித்தாலும் நீரின் வெப்பம் அதற்குமேல் ஏறாது. ஆகவே துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் திறந்த பானையில் எளிதில் வேகமாட்டா. கீழே ஆடம்பரமாகக் கருதப்பட்ட நாளிலும் இங்கே பிரஷர் குக்கர் இன்றியமையாப் பொருளாயிருந்திருக்கும். பருப்பு மலர்ந்து கரைந்த சாம்பாரைப் புறத்தெருக் கடையொன்றில் கண்டால், அக்கடைக்காரர் விடியலுக்கு நெடுநேரம் முன்பே எழுந்தவர் என்று தெளியலாம்.

இட்லியின் கதை இதனினும் துன்பமானது. மாவு புளித்தல் என்பது நுண்ணுயிர்களின் தொழில். அவற்றிற்குச் சமவெளியின் இளஞ்சூடு வேண்டும். மதுரையில் இரவு அரைத்து வைத்த மாவு விடியலில் பொங்கி நிற்கும். கோடைக்கானலில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். மாவு அரைத்தபடியே உறங்கும். அதனால் மாவுப் பானையை அடுப்பின் அருகே வைத்துச் சாக்கு போர்த்திக் காப்பார்கள். முதல்நாள் புளித்த மாவில் ஒரு பிடி கலப்பதும் உண்டு. குழந்தையைப் போர்த்துவது போல மாவைப் போர்த்தும் இச்செயலைக் கண்டோர், மலையில் இட்லி சற்றுக் கடினமாயிருப்பினும் முகஞ்சுளிக்கமாட்டார்.

இனிப் பரோட்டாவைப் பற்றிச் சில சொல்வேன். கடைதோறும் அதுவே ஆட்சி செய்கின்றது. நாகரிகப் பித்தே இதற்குக் காரணம் என்று பெரியோர் சிலர் வருந்துவர். எனக்குத் தோன்றுவது வேறு. பரோட்டாவிற்கு நீர் கொதிக்க வேண்டுவதில்லை. மாவு புளிக்க வேண்டுவதில்லை. இரும்புக் கல்லின் சூட்டை மலையின் உயரம் குறைப்பதில்லை. குளிரில் நடுங்கி வருபவனுக்குக் கல்லின் அருகே நிற்பதே பாதி உணவு. சால்னாவைக் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் காய்ச்சிவிட்டால் இரவுவரை சூடாக்கிக்கொள்ளலாம். மதுரைப் பக்கத்துக் கடைகளின் வழக்கம் மலையேறி வந்து இங்கே வேரூன்றியதற்கு இவ்வசதியும் ஒரு காரணமாதல் கூடும். ஆயினும் மைதா மலையில் விளைவதன்று. இட்லி அரிசியும் உளுந்தும் அன்ன. எனவே தட்டின் நடுவில் இருப்பது முழுவதும் கீழிருந்து லாரியில் ஏறி வந்ததே.

மலையைக் காணவேண்டுமாயின் தட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் சௌசௌக் கூட்டு. கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கப்படும் காய் இது. பெரிய ஹோட்டல்களில் இதனை ஏழைக்காய் என்று ஒதுக்குவர். இங்கோ தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டுப் பாசிப்பருப்புடன் குழைய வேகவைத்து இடுவர். பறித்த அன்றோ மறுநாளோ சமைத்த சௌசௌவில் ஓர் இனிமை உண்டு. சென்னையில் வாங்கி உண்டவர்க்கு அது விளங்காது. மேல்மலையினின்று கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் வரும். இவையெல்லாம் மலையின் தொன்மைப் பயிர்களா எனின், அல்ல. சௌசௌ நடு அமெரிக்கப் பகுதியது. உருளை தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையது. மலையேறிய துரைமாரின் தோட்டங்கள் வழியாகவும் பின்னர் அமைந்த சாலை வழியாகவும் இத்தகைய காய்கள் பரவின. ஆயினும் தலைமுறை பலவாக இம்மண்ணில் வியர்வை சிந்தி விளைவித்தபின் அவற்றை அயலவை என்பது எங்ஙனம்?

பூண்டுக்குத் தனியிடம் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய மேல்மலைச் சிற்றூர்களில் விளையும் மலைப்பூண்டு சிறிய பல்லும் மிகுந்த காரமும் நெடுநாள் கெடாத இயல்பும் உடையது. அறுவடை செய்த பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காப்பது அவ்வூர் வழக்கம். 2019ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிட்டியது. அதற்கு முயன்றது இவ்வூரிலேயே 1984இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். விளைந்த பூண்டு பெரிதும் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடுகின்றது. அதன் விலை சாதாரணப் பூண்டின் விலையினும் மிகுதி. ஆதலின் மலையிலுள்ள கடையெல்லாம் மலைப்பூண்டே இடும் என்று நம்பற்க. இரசத்தை வாயில் வைத்ததும் மூக்கு வரை ஏறினால் அதுவே சான்று.

இங்ஙனம் ஓரத்தில் மலை எஞ்சியிருக்க, நடுவிலிருந்து அது எப்பொழுது நீங்கியது? தினை, சாமை, கேழ்வரகு ஆகியவை இம்மலைச் சிற்றூர்களின் பழைய தானியங்கள். பழங்குடியினராகிய பளியர் காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தனர். மலைபடுகடாத்தின் உணவுப் பட்டியலுக்கும் இதற்கும் தொலைவு மிகுதியன்று. பின்னர்ச் சாலை வந்தது. காய்கறிக்குக் காசு கிடைத்தது. சாமையோ குத்திப் புடைக்கும் உழைப்பு மிக்கது. அவ்வுழைப்பு முழுவதும் பெண்டிரின் தோளில் விழுந்தது. கூலிவேலைக்கும் சென்று சாமையும் குத்துக என்று அவரை ஏவ யார்க்கு உரிமை? 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் தமிழகத்தில் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகின்றது. பட்டினியை விரட்டிய நற்செயல் அது. அதே அரிசி தினைப்புனத்தின் கடைசி வரப்பையும் மறக்கச் செய்தது என்பதும் உண்மை. தினைப்புனம் காத்த மகளிரைப் பாடிய குறிஞ்சித் திணையை யாம் வகுப்பறையில் பயில்கின்றோம். காட்டுப்பன்றியும் காட்டுமாடும் புகுந்து அழிக்கும் நிலத்தை இரவெல்லாம் காப்பவர் இன்றும் இம்மலையில் உளர். அவர் காப்பது கேரட்டும் உருளையும்.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதனையொட்டிப் பெருநகர உணவகங்களில் சாமைப் பொங்கலும் தினைத் தோசையும் உயர்ந்த விலைக்கு விற்றன. சாமை விளைந்த மலையின் கடைத்தெருவிலோ அதனைக் கேட்போர் அரியர். விற்போர் அரியராதற்கு அதுவே காரணம்.

கீழ்மலையின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். ஆயினும் சாலையோரக் கடைகளில் மிகுதியும் ஆறுவது தேநீரே. காப்பிக்கொட்டை வெளியூர்க்குச் செல்ல, தேயிலைத்தூள் வெளியூரினின்று வருகின்றது. கடைவாயிலில் தொங்கும் விருப்பாட்சி வாழைக்குலை மட்டும் உள்ளூர்ப் பெருமையைக் காக்கின்றது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உரிய பழம் இதுவே. முடிக்கொத்து நோய் என்னும் கொடுமை இவ்வாழையைப் பெரிதும் அழித்தது. 2008இல் விருப்பாட்சிக்கும் சிறுமலைக்கும் உரிய மலைவாழைகள் புவிசார் குறியீடு பெற்றன. கீழ்மலைக் கடையில் பழுத்த ஒன்றை உரித்து உண்டபின் கோயிலில் பஞ்சாமிர்தம் வாங்குவோர்க்கு அதன் சுவை இருமடங்காகத் தோன்றும்.

இக்கடைகள் நிலைக்குமா என்பது எளிய வினா அன்று. 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வரும் வண்டிகட்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்ற ஆணையால் விதியாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்திற்கு, நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும் என வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறன் கருதி வந்த விதி ஆதலின் அதனைப் பழிக்க என் மனம் ஒருப்படவில்லை. பயணிகளை நம்பாத புறத்தெருக் கடைக்கு இதனால் நேரடி இழப்பு இல்லை எனலாம். ஆயினும் விடுதியில் ஆட்குறைப்பு நேரின், அவ்வாளுக்குச் சோறிடும் கடையில் ஒரு பெஞ்சு காலியாகும். கடைக்காரர்க்கு வாடகையோ எரிவாயுவின் விலையோ அதற்கேற்பக் குறைவதில்லை.

செல்வோர்க்குச் சில குறிப்புக்கள். ஞாயிற்றுக்கிழமை கோடைக்கானலில் வாரச்சந்தை கூடும். காலை ஆராதனை முடிந்து செல்வோர்க்கும் அது கலைந்திராது. பூம்பாறைப் பக்கத்தினின்றும் மன்னவனூர்ப் பக்கத்தினின்றும் வந்து இறங்குவோர் எக்கடைக்குள் நுழைகின்றனரோ, அக்கடைக்குள் நுழைக. சோறு வேண்டுவோர் நண்பகலுக்குள் செல்க; அதன்பின் பரோட்டாக் கல் ஏறிவிடும். கூட்டு இன்னொரு கரண்டி கேட்பின் பெரும்பாலும் மறுக்கமாட்டார். பெருமாள்மலையில் மூடுபனி இறங்கும் மாலைவேளையில் சுக்குக் காப்பியும் சுடச்சுட பஜ்ஜியும் கிடைக்கும். அங்கே லாரி ஓட்டுநர் அருகில் அமர்ந்தால் ஒட்டன்சத்திரம் சந்தையில் அன்றைய பீன்ஸ் விலையும் தெரியவரும். கைகழுவி எழுமுன், சாமைச்சோறு என்றேனும் ஆக்குவதுண்டா என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றே விடை வரும். அடுத்த ஞாயிறு இன்னொருவரும் கேட்கட்டும்.