மேதையும் மனிதரே

அரிய நூலைக் கற்பவர் அதன் நயத்தைப் போற்றுவர். புதுமையைக் கண்டவர் அதன் பயனைப் பாராட்டுவர். அவற்றை ஆக்கியவர் உண்டாரா, உறங்கினாரா என்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஆக்கத்தைப் போற்றும் உலகம் ஆக்கியவரையும் பேணவேண்டும் என்பதைக் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டு அவர் எழுதிய மடலைக் கண்டு வியந்தார் ஹார்டி என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். அவரது முயற்சியால் இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்தார்.

அங்கே அவருடைய தேற்றங்களைக் கண்டு அறிஞர் வியந்தனர். அந்நகரில் அப்பொழுது பயின்றுகொண்டிருந்தார் மகாலனோபிஸ் என்னும் வங்க இளைஞர். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும்புகழ் எய்தியவர். அவர் இராமானுஜனைக் கண்டபொழுது, இரவில் குளிரின்றி உறங்க முடிகின்றதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் வாட்டுகின்றது என்றார் இராமானுஜன். மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவற்றின் ஓரங்கள் மெத்தையின் அடியில் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு மூடியிருந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றினுள்ளே படுக்கவேண்டும் என்பதை இராமானுஜன் அறியார். கம்பளிகளின் மேலே, விரிப்பின் அடியிலேயே படுத்துவந்தார்! எண்களின் மறைபொருளை அறிந்த அவருக்கு இதனைச் சொல்லிக்கொடுக்க ஒரு நண்பர் தேவைப்பட்டார்.

இராமானுஜன் புலால் உண்ணாதவர். தம் உணவைத் தாமே சமைத்து உண்டார். போர்க்காலமாதலின் காய்கறிகள் கிடைப்பது அரிதாயிற்று. 1917-இல் அவர் நோய்வாய்ப்பட்டார். பட்னி என்னும் இடத்தில் சிகிச்சை பெற்ற அவரைக் காண ஹார்டி வாடகைக் காரில் சென்றார். அதன் எண் 1729. அது சுவையற்ற எண் என்றார் ஹார்டி. இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று உடனே விடையிறுத்தார் இராமானுஜன். அந்த எண்ணை உலகம் மறக்கவில்லை. ஆயினும், அது நோயுற்ற நண்பரைக் காணச் சென்ற ஒருவரின் அன்பினால் வெளிப்பட்டது என்பதை நினைப்பவர் சிலரே.

1918-இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் இராமானுஜன் அதற்கு நன்றி கூறி மடல் எழுதினார். தம் பெற்றோர்க்கு 50 பவுன் அளித்து, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டினார். இம்மடலில் தேற்றம் ஏதும் இல்லை. அவருடைய நெஞ்சம் இருக்கின்றது.

அவ்வாண்டே தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகளை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். குறிப்பேடுகள் நிலைத்தன, எழுதிய கை நிலைக்கவில்லை. ஆகவே, ஒருவர் ஆக்கியதைப் பாராட்டும்பொழுதே, ஆக்கியவரின் நலத்தையும் அன்போடு வினவுதல் நம் கடமையாகும்.