படிவம் உள்ளே போகும் வழி



முன்பெல்லாம் விண்ணப்பப் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால், எழுத்தர் அதைப் படித்துப் பார்ப்பார். விடுபட்டதைக் கேட்டு வாங்குவார். பிறகு பதிவேட்டில் உரிய கட்டத்தில் எழுதிக்கொள்வார். இன்று கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். அங்கே எழுத்தரின் வேலையைச் செய்வது ஸ்பிரிங், லாரவெல், ரெயில்ஸ் போன்ற மென்பொருள் சட்டகம். அதன் வேலை மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, பிணைத்தல். நாம் ‘அனுப்பு’ என்று அழுத்தியதும் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் அதில் எழுதிய விடையும் இணையாகச் செல்கின்றன. ‘ஊர்’ என்ற கட்டத்தின் விடையைப் பதிவேட்டின் ‘ஊர்’ என்ற இடத்தில் சட்டகம் சேர்க்கிறது. பெயர் ஓர் எழுத்து மாறினாலும் விடை அங்கே போய்ச் சேராது.

இரண்டாவது, மாற்றுதல். மதிப்பெண் 482 என்பதும் வெறும் எழுத்தாகவே வந்து சேரும். அதை எண்ணாக மாற்ற வேண்டும். தேதியில் இன்னும் கவனம் தேவை. 05-06-2010 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கோ மே 6. எந்த முறை என்று முன்னரே சொல்லிவைக்காவிடில் பிறந்த நாளே மாறிவிடும்.

மூன்றாவது, சரிபார்த்தல். செஞ்சிக்கு அருகே பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ள தொண்டூரையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அப்பெயருக்கு 4 எழுத்துகள். கணிப்பொறியின் யூனிகோடு முறையில் மெய், உயிர்க்குறி, புள்ளி எனத் தனித்தனியே எண்ணி 8 குறிகள். ‘தொ’ என்பதன் கொம்பையும் காலையும் பிரித்துப் பதிந்தால் 9. பார்வைக்கு இரண்டும் ஒன்றே; கணிப்பொறிக்கோ வேறு வேறு ஊர்கள்! ஆகவே ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருமாறு நிரல் எழுதுபவர் கட்டளையிட வேண்டும். இல்லையேல் சரியாக எழுதிய மாணவியின் விண்ணப்பமும் ‘பொருந்தவில்லை’ என்று திரும்பிவிடும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிவத்தில் இல்லாத கட்டத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்ப முடியும். வந்ததையெல்லாம் பிணைத்துக்கொண்டால், ‘கட்டணம் செலுத்தியாயிற்று’ என்று விண்ணப்பதாரரே பதிந்துவிடலாம் அல்லவா? 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. ஈகோர் ஹோமகோவ் என்ற இளைஞர், தமது மின்சாவியைப் பதியும் படிவத்தோடு வேறொருவரின் பயனர் எண்ணை அனுப்பினார். அதனால் ரெயில்ஸ் சட்டகத்தின் மூல நிரலையே திருத்தும் உரிமை அவர் கைக்கு வந்தது. குறையை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். 2013-இல் வெளிவந்த ரெயில்ஸ் 4, அனுமதித்த கட்டங்களை மட்டுமே ஏற்கும் முறையை இயல்பாக்கிற்று.

தோழியரே, நம்மில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறோம். கேட்டதை மட்டும் ஏற்போம், ஏற்றதையும் சோதிப்போம், பிழையிருந்தால் எந்தக் கட்டத்தில் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்வோம். நிரப்பிய மற்ற விடைகள் அழியாமல் படிவத்தைத் திருப்பித் தருவோம். கடைசி நாளில் விண்ணப்பிக்கும் ஓர் ஏழை மாணவியின் எதிர்காலம் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருக்கக்கூடும்.